உப்பும் ரொட்டியும்: கிராக்கோவ் நகரில் ஐந்து நாட்கள்



ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை விரித்து, போலந்து நாட்டின் தென்பகுதியில், விஸ்துலா ஆற்றின் கரையில் கிராக்கோவ் என்னும் நகரைத் தேடிப் பாருங்கள். அவ்வூரார் அதனைக் 'கிராகுஃப்' என்று உச்சரிக்கின்றனர். பல நூற்றாண்டுகள் போலந்து மன்னர்களின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. வரலாறு கற்பிப்பவர் ஒருவரும் அறிவியல் கற்பிப்பவர் ஒருவருமாக நாங்கள் இருவர், ஒரு டிசம்பர் மாதத்தில், அங்குள்ள கன்னியர் மடம் ஒன்றின் விருந்தினர் இல்லத்தில் ஐந்து நாட்கள் தங்கும் வாய்ப்புப் பெற்றோம். கண்டவற்றை எழுத உட்கார்ந்தால் உண்டவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. எனவே அந்த வழியிலேயே உங்களையும் அழைத்துச் செல்கிறோம்.

முதல் நாள் காலையில் வெப்பமானி சுழியத்துக்குக் கீழே 6 பாகை காட்டிற்று. இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு மேல் ஒரு கோட்டு, அதற்கும் மேல் சால்வை என்று மூட்டைகளைப் போலப் புறப்பட்டோம். பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்குள் அங்கு சூரியன் மறைந்துவிடும் என்பதால் காலையிலேயே கிளம்பவேண்டியதாயிற்று. நகரின் நடுவே, பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் நீளமுள்ள பெருஞ்சந்தைச் சதுக்கம் இருக்கிறது. 1257ஆம் ஆண்டில் அளந்து அமைக்கப்பட்டது. அதன் மூலையில் ஒரு தள்ளுவண்டி. கண்ணாடிக்குப் பின்னால் முறுக்கிய வளையங்களாக ரொட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. பெயர் ஒப்வஜானெக். சிலவற்றின் மேல் கசகசா, சிலவற்றின் மேல் எள், சிலவற்றின் மேல் உப்புக் கல். நாங்கள் உப்புத் தூவியதை வாங்கினோம்.

இந்த ரொட்டியை முதலில் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த நீரில் முக்கி எடுத்து, பிறகே அடுப்பில் சுடுகிறார்கள். வெந்நீர் பட்டதும் மாவின் மேற்பரப்பிலுள்ள மாச்சத்து கூழாகி ஒரு படலம் போல மூடிக்கொள்கிறது. அதனால்தான் மேலே பளபளப்பும் உள்ளே மென்மையும் வாய்க்கின்றன. காலையில் வாங்கியதை மாலைவரை வைத்திருந்தால் கல்லாகிவிடும், அனுபவித்துச் சொல்கிறோம். 1394ஆம் ஆண்டின் அரண்மனைக் கணக்கில் அரசி யாத்விகாவுக்காக இந்த வளைய ரொட்டிகள் வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. அரசி யாத்விகாவைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வோம்.

அன்று மதியம் மடத்தில் ஜூரெக் என்னும் சூப் பரிமாறப்பட்டது. கம்பு மாவென்று நினைத்துவிடாதீர்கள், 'ரை' என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் மாவை நீரில் கரைத்துச் சில நாட்கள் புளிக்கவைத்து, அந்தப் புளித்த நீரில் காய்ச்சுவது இது. பாதி முட்டையும் சில துண்டு இறைச்சியும் மிதந்தன. அதன் புளிப்பு எங்கள் நாவுக்கு ஒத்துவரவில்லை. எங்களுள் ஒருவர் பாதிக் கிண்ணத்தோடு நிறுத்திவிட்டார். சமையலறைப் பொறுப்பிலிருந்த முதிய சகோதரி ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துச் சென்றார். மறுநாள் காலையில் தண்ணீர் கேட்கச் சமையலறைக்குள் நுழைந்தபோது, அந்த மீதியைச் சூடாக்கி அவரே உண்டுகொண்டிருந்ததைக் கண்டோம். எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஏன் இந்த நாட்டில் எல்லாம் புளிக்கிறது? முட்டைக்கோசும் புளிப்பு, வெள்ளரியும் புளிப்பு, பீட்ரூட் சாறும் புளிப்பு. காரணம் குளிர்தான். பல மாதங்கள் நிலத்தில் ஒன்றும் விளையாது. இலையுதிர் காலத்தில் அறுவடையான முட்டைக்கோசை நறுக்கி, உப்பிட்டு, பீப்பாயில் அழுத்தி வைப்பார்கள். உப்பு கோசிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அந்த உப்புநீரில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைப்பதில்லை. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தழைக்கின்றன. அந்த அமிலமே கோசைக் கெடாமல் காக்கிறது. உயிர்ச்சத்து 'சி'யும் பெருமளவு அதில் தங்குகிறது. காய்கறி இல்லாத பனிக்காலத்தில் ஏழைகளை நோயிலிருந்து காத்தது இந்தப் பீப்பாய்தான். நம் வீட்டில் இரவில் இட்லி மாவு பொங்குவதும் இதற்கு உறவான செயலே. இதை அறிந்த பிறகு ஜூரெக்கின் புளிப்பு கொஞ்சம் குறைந்தது போலிருந்தது!

அவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது? அதைக் காண இரண்டாம் நாள் நகருக்கு அருகிலுள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்குப் போனோம். கடல் இல்லாத இடத்தில், பழங்காலத்துக் கடல் விட்டுச்சென்ற உப்பு நிலத்தடியில் பாறையாய்க் கிடக்கிறது. நடுக்காலம் தொட்டு அதை வெட்டி எடுத்தார்கள். வணிகத்துக்காக வெட்டுவது 1996இல் நின்றது. ஏறக்குறைய 380 மரப்படிகள் இறங்கவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க! உள்ளே குளிர் இல்லை. 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்காவின் சிற்றாலயம் இருக்கிறது. பெயர்தான் சிற்றாலயம், நீளம் 54 மீட்டர். தரை உப்பு, சுவர் உப்பு, பீடம் உப்பு, தொங்கும் விளக்குகளின் மணிகளும் உப்புப் படிகங்கள். 1896 முதல் பல பத்தாண்டுகள் சுரங்கத் தொழிலாளர் மூவர் செதுக்கிய வேலை இது. சுவரில் இறுதி இராவுணவும் உப்பிலேயே செதுக்கப்பட்டுள்ளது. வழிகாட்டி அனுமதித்ததால், வழியில் ஓரிடத்தில் விரலால் சுவரைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தோம். உப்புத்தான்.

இந்த உப்பு பீப்பாய்க்கு மட்டும் போகவில்லை. 1364இல் மன்னர் கசிமிர் கிராக்கோவில் பல்கலைக்கழகம் நிறுவியபோது, பேராசிரியர்களின் ஊதியத்துக்கு இச்சுரங்கத்தின் வருமானத்தையே ஒதுக்கினார். உப்பு விற்ற காசில் கல்வி! ஆனால் அவர் மறைந்தபின் அந்தக் கழகம் நலிந்தது. அதை மீட்டவர்தான் ஒப்வஜானெக் உண்ட அரசி யாத்விகா. 1384இல், உங்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதில், 'அரசி' என்றல்ல, 'அரசர்' என்ற பட்டத்தோடே அவருக்கு முடிசூட்டினார்கள். 1399இல் மறைந்தபோது வயது 25. தம் நகைகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார்; மறு ஆண்டு, 1400இல், அது புத்துயிர் பெற்றது. வாவெல் குன்றின் பேராலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதற்குள் அவரோடு வைத்திருந்த செங்கோலும் உருண்டையும் பொன்னல்ல, பொன்முலாம் பூசிய மரம். அவற்றின் முன் நாங்கள் வெகுநேரம் நின்றோம். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதே நகரில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லவேண்டும். ஓர் இளம்பெண்ணின் நகையால் எழுந்த அந்தக் கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் நவோய்கா என்பவள் ஆண்வேடம் பூண்டு படித்தாளாம், பிடிபட்டதும் கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டாளாம் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ மெய்யோ, மூன்று பெண்கள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்க அனுமதி கிடைத்தது 1894இல்தான். 1400க்கும் 1894க்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். இன்று அங்கே ஒரு மாணவர் விடுதிக்கு நவோய்காவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சந்தைச் சதுக்கத்திலுள்ள மரியன்னை ஆலயத்தைப் பற்றி வழிகாட்டி நூல்கள் எல்லாம் எழுதுகின்றன. நாங்கள் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒவ்வொரு மணிக்கும் கோபுரத்திலிருந்து நான்கு திசைக்கும் எக்காளம் ஊதி, இசையின் நடுவிலேயே சட்டென்று நிறுத்துகிறார்கள். பகைவரின் அம்பு ஊதுபவரின் தொண்டையில் பாய்ந்த நினைவு என்பது அதற்குச் சொல்லப்படும் கதை. இன்று ஊதுபவர்கள் தீயணைப்புப் படையினர். உள்ளே ஃபைட் ஷ்டோஸ் என்னும் சிற்பி 1477 முதல் 1489 வரை மரத்தில் செதுக்கிய மாபெரும் பீடம். நண்பகலுக்குச் சற்று முன் அதன் கதவுகளை ஒரு கன்னியர் திறந்து வைத்தார். கூட்டம் மூச்சடங்கிப் பார்த்தது. அவரோ தினமும் செய்யும் வேலையைப் போல முடித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் 'பால் கடை' என்ற பெயருள்ள எளிய உணவகத்தில் மதிய உணவு. அரசு உதவித்தொகை தருவதால் விலை மலிவு. கிழவரும் மாணவரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கிறார்கள். நாங்கள் உண்டது பியரோகி. சோமாசியின் வடிவம், கொழுக்கட்டையின் மென்மை. உள்ளே உருளைக்கிழங்கும் பால்கட்டியும், மேலே வதக்கிய வெங்காயம். இரண்டு தட்டு உண்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மாலையில் தெருவோரத்தில் அனலில் வாட்டிய புகைமணக்கும் பால்கட்டி. ஆட்டுப்பாலில் செய்யும் உண்மையான ஓஸ்சிபெக் கோடைகாலப் பண்டம் என்றும், பனிக்காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் பசும்பாலில் செய்தது என்றும் மடத்தின் இளம் சகோதரி பிறகு சொல்லிச் சிரித்தார். பிறகு கிரெமூஃப்கா என்னும் பாலேட்டுக் கேக். பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் தோழர்களோடு அதை உண்டதாக 1999இல் தம் சொந்த ஊரான வாதோவித்சேயில் திருத்தந்தை நினைவுகூர்ந்தார். அன்றுமுதல் அது 'திருத்தந்தையின் கேக்' ஆகிவிட்டது. தேர்வெழுதும் பிள்ளைகள் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

நான்காம் நாள் ஆற்றைக் கடந்து போட்கூஜே என்னும் பகுதிக்குப் போனோம். அங்கு ஒரு சதுக்கம் முழுவதும் நாற்காலிகள். உலோகத்தால் ஆனவை, ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்தவை, வரிசையாக, காலியாக நிற்கின்றன. 1941 மார்ச்சில் நாஜிகள் கிராக்கோவின் யூத மக்களை இப்பகுதிக்குள் சுவரெழுப்பி அடைத்தார்கள். முன்பு ஏறக்குறைய 3,000 பேர் வாழ்ந்த தெருக்களில் 15,000க்கும் மேற்பட்டோர். 1943 மார்ச் 13, 14 நாட்களில் எஞ்சியவர்களையும் கொன்றும் முகாம்களுக்குக் கொண்டுசென்றும் அதைக் காலிசெய்தார்கள். வீடுகளிலிருந்து எறியப்பட்ட மேசை நாற்காலிகள் இச்சதுக்கத்தில் குவிந்து கிடந்தன. அந்த நினைவாக 2005இல் இவற்றை நிறுத்தினார்கள். சதுக்கத்தின் ஓரத்தில், அடைபட்ட அப்பகுதிக்குள் கடையை மூடாமல் நடத்திய ததேயுஷ் பான்கியேவிச் என்னும் கத்தோலிக்க மருந்தாளரின் கடை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அவரும் உதவியாளர்களான பெண்கள் மூவரும் மருந்தும் உணவும் செய்தியும் கொடுத்து உதவினர். பனி தூவிக்கொண்டிருந்தது. நாற்காலிகளின் இருக்கைகளில் அது படிந்துகொண்டிருந்தது. அன்று மதியம் எங்களுக்குப் பசிக்கவில்லை.

மாலையில் சமையலறையில் காளான் நறுக்க உதவினோம். மேசையிலிருந்து ஒரு துண்டு ரொட்டி கீழே விழுந்தது. முதிய சகோதரி குனிந்து எடுத்து, அதை முத்தமிட்டு, மேசையில் வைத்தார். எங்கள் பார்வையைக் கண்ட இளம் சகோதரி, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார். போர்க்காலத்தில் அவர் சிறுமி. ரொட்டியைத் தாயார் நூலால் அளந்து வெட்டுவாராம், ஒருவருக்கும் குறையக்கூடாதென்று. பின்பு 1981இல் இறைச்சிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது, 1989வரை நீடித்தது. விடியுமுன்பே வரிசையில் நின்றால் சில நாள் அலமாரியில் வினிகர் புட்டிகள் மட்டும் இருக்குமாம். ஜூரெக் கிண்ணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிச்சம் வைத்தவர் தாமாகவே மன்னிப்புக் கேட்டார். சகோதரி அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு, இன்னும் ஒரு கூடை காளானை முன்னால் நகர்த்தினார்.

ஐந்தாம் நாள் கிறிஸ்து பிறப்பின் முந்திய நாள். வானில் முதல் விண்மீன் தோன்றும்வரை யாரும் உண்பதில்லை. மேகம் மூடியிருந்ததால் இளம் சகோதரி கடிகாரத்தைப் பார்த்து, 'தோன்றியிருக்கும்' என்று தீர்ப்பளித்தார். வெள்ளைத் துணிக்கு அடியில் வைக்கோல். மாட்டுக் குடிலின் நினைவு. முதலில் ஒப்வாதெக் என்னும் மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கிள்ளி எடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். பிறகு பன்னிரண்டு வகை உணவு, ஒன்றிலும் இறைச்சி இல்லை: செக்கச் சிவந்த பீட்ரூட் சூப், நாங்கள் நறுக்கிய காளானும் புளித்த கோசும் அடைத்த பியரோகி, கெண்டை மீன், கசகசா இனிப்பு, உலர்பழச் சாறு. பன்னிரண்டையும் உண்டோம். புளிப்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினோம்.

நாங்கள் பதினொருவர், மேசையில் தட்டுகள் பன்னிரண்டு. எண்ணிப் பார்த்து, யாரோ வரவில்லை என்று நினைத்தோம். எதிர்பாராமல் கதவைத் தட்டும் வழிப்போக்கர் ஒருவருக்காக ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஓர் இடம் வைப்பது வழக்கமாம். அந்த நாற்காலியைப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் முந்திய நாளின் சதுக்கமே கண்முன் வந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. உணவு முடிந்தபின் முதிய சகோதரி, யாரும் தொடாத அந்தத் தட்டையும் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவித் துடைத்து அடுக்கினார்.