நலமாக இருக்கும்போதும் மாத்திரை ஏன்?

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் சில மாதங்களில் கேட்கும் கேள்வி இது: “உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சரியாகிவிட்டது. இன்னும் எதற்கு டாக்டர் மாத்திரை?” இந்த நியாயமான கேள்விக்கு விடை நம் குரோமோசோம்களில் உள்ளது.

மரபுச் செய்திகளைத் தாங்கும் குரோமோசோம்கள் மனித உயிரணுவில் 46 உள்ளன. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அவை பிழையின்றிப் படியெடுக்கப்பட்டுச் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். இந்நோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் குறுகிப்போன 22ஆம் குரோமோசோம், 1960இல் அது கண்டறியப்பட்ட அமெரிக்க நகரின் பெயரால் ‘பிலடெல்பியா குரோமோசோம்’ எனப்படுகிறது. இது பெற்றோரிடமிருந்து வருவதன்று. பிள்ளைகளுக்குச் செல்வதும் அன்று.

இம்மாற்றத்தால் உருவாகும் புரதம் வெள்ளணுக்களை ஓயாது பெருகச் செய்கிறது. மரபுப்பொருளில் நேரும் சேதம் சரிவரச் சீராவதையும் கெடுக்கிறது. ஆகவே நோய் உயிரணுக்கள் பெருகப் பெருக, பிழைகளும் சேர்கின்றன. சிலவற்றில் 8ஆம் குரோமோசோம் கூடுதலாகத் தோன்றும்; சிலவற்றில் பிலடெல்பியா குரோமோசோமே இரட்டிக்கும். இதனையே குரோமோசோம் நிலையின்மை என்கிறோம். இவ்வாறு மாற்றங்கள் சேர்ந்து நோய் முற்றிய நிலையை அடைந்தால், மாத்திரை மட்டும் போதாது. தீவிர மருந்துகளும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

2001இல் பயன்பாட்டுக்கு வந்த இமாட்டினிப் மாத்திரை அந்தப் புரதத்தின் செயலைத் தடுக்கிறது. ஆனால் மாறிய குரோமோசோமை அது திருத்துவதில்லை. எண்ணிக்கை சரியான பின்னரும் சில நோய் உயிரணுக்கள் எஞ்சியிருக்கும். அவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனை காட்டாது, பி.சி.ஆர். பரிசோதனை காட்டும். மாத்திரையை நிறுத்தினால் அவை மீண்டும் பெருகலாம். ஒவ்வொரு பெருக்கமும் புதிய பிழைக்கு ஒரு வாய்ப்பு.

நோயாளிகளும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டியவை:

• இமாட்டினிப் மாத்திரையை நாள்தோறும் உணவுடன், நிறையத் தண்ணீர் குடித்து உட்கொள்ளுங்கள்.
• ஒரு வேளை தவறினால், மறுவேளை இரட்டிப்பாக உட்கொள்ளாதீர்கள்.
• வாந்தி, வீக்கம், தசைப்பிடிப்பு இருந்தால் மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.
• கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்னரே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• குறித்த நாளில் பி.சி.ஆர். பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

பல ஆண்டுகள் நோய் ஆழ்ந்து அடங்கியிருந்தால், சிலருக்கு மட்டும், கண்காணிப்புடன் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். அம்முடிவைப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு மருத்துவரும் நீங்களும் சேர்ந்தே எடுக்க வேண்டும்.