அலபாமாவின் தலைசிறந்த வைட் ரிசீவர் யார்? வாதாடுமுன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அலபாமா பல்கலைக்கழகத்தின் கிரிம்சன் டைட் அணிக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த அணியின் வைட் ரிசீவர்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால் டான் ஹட்சன், ஆஸி நியூசம், ஜூலியோ ஜோன்ஸ், அமாரி கூப்பர், டெவான்டா ஸ்மித் என்ற ஐந்து பெயர்களும் எப்படியும் வந்துவிடும். சண்டையெல்லாம் வரிசையில்தான்.

வைட் ரிசீவர் ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்பவர். தன்னைக் காவல் காப்பவரை ஏமாற்றி ஓடி, குவார்ட்டர்பேக் வீசும் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. பந்தை அவராகப் போய் எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் வீச வேண்டும், வீசும்படி பயிற்சியாளர் திட்டமிட வேண்டும், வீசும்வரை முன்வரிசை தாக்குப்பிடிக்க வேண்டும். ஆக, அவர் கணக்கில் ஏறும் எண்களில் பாதி அடுத்தவர் கையில் இருக்கிறது. தன்னிடம் வந்த பந்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் சரியான அளவுகோல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ளவை அனைத்தும் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தவை.

செய்ய வேண்டியவை

எதை அளக்கிறீர்கள் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு பருவமா, கல்லூரிக் காலம் முழுவதுமா? ஒரே பருவம் என்றால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். 2020இல் டெவான்டா ஸ்மித் 117 பந்துகளைப் பிடித்து, 1,856 யார்டுகள் கடந்து, 23 முறை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் அவருக்கே. 1991இல் மிச்சிகனின் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற முதல் வைட் ரிசீவர் அவர்தான்.

முழுக் காலம் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்மித் நான்கு ஆண்டுகளில் 235 பந்துகள், 3,965 யார்டுகள், 46 டச் டவுன். கூப்பர் 2012 முதல் 2014 வரை மூன்றே ஆண்டுகளில் 228 பந்துகள், 3,463 யார்டுகள், 31 டச் டவுன். ஓர் ஆண்டு கூடுதலாக ஆடியவரோடு எப்படி ஒப்பிடுவது என்று கூப்பர் கட்சியினர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் முதல் ஆண்டில் ஸ்மித் பிடித்தது வெறும் 8 பந்துகள். அந்த ஆண்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மூன்று ஆண்டுகளில் 227 பந்துகள், 3,805 யார்டுகள், 43 டச் டவுன் வருகின்றன. பிடித்த பந்துகளில் இருவருக்கும் ஒன்றுதான் வித்தியாசம். டச் டவுனில் 12 வித்தியாசம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் வாதத்தைத் தொடங்க வேண்டாம்.

அந்தக் காலத்து ஆட்ட முறையைக் கணக்கில் எடுங்கள். நியூசமுக்கு நியாயம் கிடைக்க இது ஒன்றே வழி. பயிற்சியாளர் பால் ‘பேர்’ பிரையன்ட் 1971இல் விஷ்போன் முறைக்கு மாறினார். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று பேரை நிறுத்தி, பந்தை ஏந்தி ஓடியே முன்னேறும் முறை அது. பந்து வீசுவது அபூர்வம். அப்படிப்பட்ட அணியில் 1974 முதல் 1977 வரை நான்கு பருவங்கள் ஆடிய நியூசம் பிடித்தது மொத்தம் 102 பந்துகள். ஸ்மித் ஒரே பருவத்தில் பிடித்ததைவிடக் குறைவு. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் அத்தோடு அவரை மறந்துவிடுவார். ஆனால் அந்த 102 பந்துகளில் அவர் கடந்தது 2,070 யார்டுகள். ஒரு பந்துக்கு 20.3 யார்டு! கூப்பரின் சராசரி 15.2, ஸ்மித்தின் சராசரி 16.9. அபூர்வமாக வரும் ஒரு பந்துக்காக ஆட்டம் முழுக்கக் காத்திருந்து, வந்ததும் எதிரணியைக் கலங்கடித்தவர் நியூசம். வராத நேரமெல்லாம், ஓடுபவர்களுக்காக எதிராளியை முட்டித் தடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சாட்சியமும் அவருக்கு இருக்கிறது. பிரையன்ட் 1934ஆம் ஆண்டு அலபாமா அணியில் ஹட்சனுக்கு எதிர் முனையில் நின்று ஆடியவர். ஹட்சனை அருகில் இருந்து பார்த்த அந்த மனிதரே, ஹட்சனையும் சேர்த்துப் பார்த்தாலும் நியூசம்தான் மேல் என்று பின்னாளில் சொன்னார். தன் மாணவன் மீதுள்ள பாசம் அதில் கலந்திருக்கலாம். இருந்தாலும் இருவரையும் அவ்வளவு நெருக்கத்தில் பார்த்த கண்களின் தீர்ப்பு அது.

வீசியவர் பெயரையும் சொல்லுங்கள். ஹட்சனுக்கு டிக்ஸி ஹவெல் இருந்தார். ஸ்மித்துக்கு டுவா டகோவைலோவாவும் மேக் ஜோன்ஸும் வீசினார்கள். இருவரும், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் போனவர்கள். 2014இல் கூப்பருக்கு வீசிய பிளேக் சிம்ஸ், அதற்கு முன் வேறு இடங்களிலும் ஆடிப் பார்க்கப்பட்டு, கடைசி ஆண்டில்தான் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனவர். அந்த ஆண்டு சிம்ஸின் வீச்சில் பிடிபட்ட பந்துகளில் ஏறக்குறைய பாதி கூப்பரின் கையில் விழுந்தவை: 124 பந்துகள், 1,727 யார்டுகள். பந்து யாருக்குப் போகும் என்பது எதிரணிக்கும் தெரியும், பார்வையாளர்களுக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது அலபாமாவுக்கு முதன்முதலில் வந்தது அந்த ஆண்டுதான்.

பந்து கையில் இல்லாதபோது என்ன செய்தார் என்று பாருங்கள். ஜூலியோ ஜோன்ஸின் 2009 பருவத்தை எண்களில் பார்த்தால் 43 பந்துகள், 596 யார்டுகள், அவ்வளவுதான். அதே பருவத்தில் அலபாமா ஆடிய 14 ஆட்டங்களையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. ஓட்டக்காரர் மார்க் இங்ரம் அலபாமாவுக்கு முதல் ஹைஸ்மன் விருதைக் கொண்டுவந்தார். இங்ரம் ஓரமாகப் பிய்த்துக்கொண்டு ஓடிய காட்சிகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முன்னால் ஒருவர் எதிராளியைத் தள்ளிக்கொண்டே போவார். பெரும்பாலும் ஜூலியோதான் அது. பயிற்சியாளர் நிக் சேபனின் முதல் பருவம் 7 வெற்றி, 6 தோல்வி என்று முடிந்த நிலையில், 2008இல் ஃபோலி என்ற ஊரிலிருந்து அந்த அணியை நம்பி வந்தவர் அவர். அந்த எடை எந்த அட்டவணையிலும் ஏறாது.

களத்துக்கே வர அனுமதிக்கப்படாதவர்களை நினைவில் வையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு அலபாமாவின் ‘வரலாற்றுப் பட்டியல்’ போடுவது எனக்கு ஒப்புவதில்லை. 1970இல் கறுப்பின வீரர் வில்பர் ஜாக்சன் உதவித்தொகையோடு சேர்ந்தார். 1971இல் இன்னொரு கறுப்பின வீரர் ஜான் மிட்செல் களமிறங்கினார். அதற்கு முந்தைய அலபாமா அணிகளில் கறுப்பின வீரர் எவரும் ஆடியதில்லை. ஹட்சன் ஆடிய 1930களிலும், 1960களின் சாம்பியன் அணிகளிலும் இதே நிலைதான். அந்த வீரர்களின் திறமையை இது குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் யாரோடு போட்டியிட்டு அந்த இடத்தைப் பெற்றார்கள், யார் போட்டிக்கே வரவில்லை என்பதை மாற்றுகிறது. வடக்கு அலபாமாவின் லெய்ட்டனிலிருந்து வந்த கறுப்பின வீரர் நியூசம் பத்து ஆண்டு முன்னால் பிறந்திருந்தால், இந்தப் பட்டியலில் அவர் பெயரே இருந்திருக்காது.

செய்யக்கூடாதவை

என்எஃப்எல் சாதனைகளை இங்கே கொண்டுவராதீர்கள். வாதம் அதிகம் தடம் புரள்வது இங்கேதான். ஹட்சன் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காக எடுத்த 99 டச் டவுன் 1989 வரை முறியடிக்கப்படவில்லை. ஜூலியோ 2015இல் அட்லாண்டாவுக்காக 1,871 யார்டுகள் கடந்தார். நியூசம் கிளீவ்லாந்தில் டைட் எண்டாக ஆடிப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். எல்லாம் மகத்தானவை, ஆனால் எதுவும் அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில் நடந்ததல்ல. அவற்றைச் சேர்த்துக்கொண்டால் கேள்வியே வேறாகிவிடும்.

எண்கள் இல்லை என்பதற்காக ஹட்சனை ஒதுக்காதீர்கள். கல்லூரி ஃபுட்பாலின் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரம் தொடங்கியதே 1937இல். ஹட்சன் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார். 1935 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை அலபாமா 29-13 என வென்றபோது, அவர் 6 பந்துகளைப் பிடித்து 165 யார்டுகள் கடந்து 2 டச் டவுன் எடுத்தார். பந்து வீசி ஆடுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் இது எதிரணியை எப்படித் திகைக்க வைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பருவத்தின் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களின் எண்கள் மொத்தக் கணக்கில் சேர்க்கப்படுவதும் 2002 முதல்தான். நியூசமின் பவுல் ஆட்டங்கள் அவர் கணக்கில் இல்லை, ஸ்மித்தின் ஆட்டங்கள் உண்டு. எனவே பழையவர்களின் எண்ணையும் புதியவர்களின் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஒரே காட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2005இல் சதர்ன் மிசிசிப்பிக்கு எதிராக டைரோன் புரோத்ரோ, தன்னைக் காத்தவரைக் கட்டிக்கொண்டு அவர் முதுகின் மேல் பந்தைப் பிடித்தாரே, அலபாமா ரசிகர் எவரும் அதை மறக்க மாட்டார். மூன்று வாரத்தில் ஃபுளோரிடாவுக்கு எதிரான ஆட்டத்தில் கால் முறிந்து, அவர் பிறகு ஆடவே இல்லை. அவரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனாலும் முதல் ஐந்தில் சேர்க்க முடியாது.

பெரிய ஆட்டங்களில் ஒருவர் மறுபடி மறுபடி செய்து காட்டியிருந்தால் அது வேறு. 2018 ஜனவரியில் ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதி ஆட்டம், கூடுதல் நேரம், 26 யார்டு கடக்க வேண்டிய நெருக்கடி. அப்போது 41 யார்டு வீச்சைப் பிடித்து 26-23 என வெற்றியை முடித்துவைத்தவர், அதுவரை அதிகம் அறியப்படாத முதலாண்டு மாணவர் ஸ்மித். மூன்று ஆண்டு கழித்து ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், முதல் பாதிக்குள்ளேயே 12 பந்துகள், 215 யார்டுகள், 3 டச் டவுன். பிற்பாதியின் தொடக்கத்தில் விரலில் அடிபட்டு வெளியேறினார். அதற்குள் ஆட்டம் கைக்கு வந்துவிட்டது.

பங்கு போட்டுக்கொண்டவர்களைத் தாழ்த்தாதீர்கள். 2019இல் ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், ஸ்மித், ஜேலன் வாடில் நால்வரும் ஒரே அணியில் ஆடினார்கள். நால்வரும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். இருப்பது ஒரே பந்து. 2018இல் பிலெட்னிகாஃப் விருது வென்ற ஜூடி வேறொரு அணியில் தனியாக ஆடியிருந்தால் எண்கள் இன்னும் ஏறியிருக்கும்.

எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடியதை இதில் கலக்காதீர்கள். வாடிலும் டேவிட் பால்மரும் அதில் அசகாய சூரர்கள். பால்மர் 1993இல் ஹைஸ்மன் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்ததில் அதற்கும் பங்குண்டு. அலபாமாவில் ஒரு பருவத்தில் 1,000 யார்டைத் தொட்ட முதல் ரிசீவர் என்பதற்காக மட்டுமே இங்கே அவரைப் பேசுங்கள்.

உடலைப் பார்த்து எடை போடாதீர்கள். ஜூலியோ 220 பவுண்டு, ஸ்மித் 175. ஹைஸ்மன் வாங்கியவர் யார் என்று மேலே சொல்லியாயிற்று.

என் வரிசை இது: ஸ்மித், நியூசம், கூப்பர், ஹட்சன், ஜூலியோ. ஜூடி ஆறாவது. நியூசமை இரண்டாம் இடத்தில் வைத்ததற்காகக் கூப்பர் கட்சியினர் கோபப்படுவார்கள் என்று தெரியும். விஷ்போனில் வந்த சொற்பப் பந்துகளை 20.3 யார்டாக மாற்றியவரை அதற்குக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஹட்சனை நான்காவதாக வைத்தது பிரையன்டின் சொல்லை நம்பி. அவரை மேலே ஏற்ற நினைப்பவர்கள் 1932, 1933, 1934 ஆட்டங்களின் நாளிதழ்ச் செய்திகளோடு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு இடத்தை மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை.