மன்றங்கள் வளர்த்த கலை

ரப்பர்க் கன்றை நட்டவுடன் பால் கிடைப்பதில்லை. களையெடுத்து, உரமிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் காத்த பின்னரே மரம் வெட்டுக்கு வரும். கலையும் அத்தகையதே. பாடுவோரும் ஆடுவோரும் இருந்தால் மட்டும் ஓர் ஊரில் கலை தழைத்துவிடாது. இடம் தருவோர், பொருள் தருவோர், அமர்ந்து கேட்போர் ஆகிய மூவரும் வேண்டும். இவ்வுண்மையைச் சென்னை மாநகரின் வரலாற்றைக் கொண்டு நாம் அறிந்துகொள்வோம்.

முற்காலத்தில் கோயில்களும் அரசவைகளும் செல்வர் இல்லங்களுமே கலைஞர்க்குப் புகலிடமாக விளங்கின. மன்னர்களின் ஆதரவு குன்றியபோது கலைஞர் பலர் சென்னையை நாடி வந்தனர். அங்கே ‘சபா’ என்னும் சங்கங்கள் தோன்றின. உறுப்பினர்கள் சந்தா செலுத்துவர். அப்பணத்தைக் கொண்டு கச்சேரிகள் நடைபெறும். 1900-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் தோன்றிய ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா இவற்றுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று.

1927-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, அதனுடன் இசை மாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. ஆயினும் அதற்குச் சொந்த மாளிகை உடனே வாய்த்துவிடவில்லை. 1955-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அரங்கம் 1962-இல்தான் திறக்கப்பட்டது. பிறந்த நாள் முதல் 34 ஆண்டுகள் அச்சங்கம் பந்தல்களிலும் பிறருடைய இடங்களிலுமே கலை வளர்த்தது.

மேடை அமைந்தால் போதுமா? அதில் ஏறும் உரிமை யாருக்கு என்னும் வினாவும் எழுந்தது. கோயில்களில் பரம்பரையாக ஆடி வந்த பெண்களை உலகம் இகழ்ந்த காலம் அது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் தாமே நடனம் பயின்று ஆடிக் காட்டி, அக்கலைக்காக வாதாடினார். 1931-இல் அகாடமி மேடையில் கல்யாணியின் புதல்வியர் ஆடினர். 1933-இல் பாலசரஸ்வதி ஆடினார். 40 ஆண்டுகளுக்குப் பின், 1973-இல், அதே அகாடமி பாலசரஸ்வதிக்குச் ‘சங்கீத கலாநிதி’ விருதை அளித்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திராவும் நடனக் கல்விக்கு நிலையான இடம் தந்தது.

இனி, மொழியைப் பற்றி எண்ணுவோம். தமிழ் மண்ணின் கச்சேரிகளிலேயே தமிழ்ப் பாடல்கள் இறுதியில் பாடப்படும் ‘துக்கடா’க்களாக ஒதுங்கிக் கிடந்தன. அண்ணாமலைச் செட்டியார் முதலியோர் இதற்காகப் போராடினர். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1952-இல் அதற்கென இராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பிலும் கலைவிழா தொடங்கியது. மாளிகை அரங்குகளுக்குச் செல்லாதவரை நாடிக் கலையே சென்றது! 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக ஏற்றது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. 1981-இல் கோலாலம்பூரில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் தோன்றிய நுண்கலைக் கோயில், இசையும் நடனமும் கற்பித்துப் பெருமேடைகளில் நாட்டிய நாடகங்களை அரங்கேற்றி வந்துள்ளது.

நெகிரி செம்பிலானில் வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் மூடப்பட்டும் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது, ஆலயத் திடல்களும் நாடக மேடைகளும் அவர்களுடன் வரவில்லை. நம் பிள்ளைகளுக்குக் குரல் இருக்கிறது. ஏறி நிற்க இடந்தான் குறைந்து வருகிறது. பள்ளி மண்டபமே இன்று நமக்கு எஞ்சியிருக்கும் மன்றம். பெற்றோர்களே! வேலை முடிந்து களைத்திருப்பீர்கள் என்பதை அறிவோம். எனினும் பள்ளிக் கலைவிழாவன்று ஒரு மணி நேரம் வந்து அமருங்கள். நாற்காலி அடுக்கித் தருபவரும், மேளத்திற்குத் தோல் வாங்க ஐந்து வெள்ளி கொடுப்பவரும், இறுதிவரை இருந்து கை தட்டுபவரும் கலையை வளர்ப்பவரே ஆவர்.