கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டும் உடைந்த போல்ட்டும்

உங்கள் மெக்கானிக்கும் இதைச் சொல்லியிருப்பார். "தெர்மோஸ்டாட்டெல்லாம் குளிர் நாட்டுக்காரன் வெச்சதுங்க. நம்ம வெயிலுக்கு எதுக்கு? எடுத்து விட்டுட்டா வண்டி குளுகுளுன்னு ஓடுமுங்க." மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் எனக்கு இதைச் சொன்னவர், சொன்ன கையோடு அதைக் கழற்றி எறிந்தும் விட்டார். நான் ஊட்டியில் குடியிருப்பவன் என்பது அவருக்குத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்தரை உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஊர் இது. குளிர் நாட்டுக்காரன் என்று அவர் யாரைச் சொன்னாரோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். மலையேறும்போது பர்லியார் பக்கம் வண்டி ஆவி கக்கி நின்றது. கீழே இழுத்து வந்து பார்த்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது அவர்தான். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிற புதுச் சாமானை வாங்கிப் போடாமல், காலிக் கூட்டை அப்படியே மூடி, பழைய கேஸ்கட்டின் மேலேயே சிலிகான் பேஸ்ட்டை அப்பி, ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கேட்டதற்கு, கூலன்ட் வீண் செலவாம். இருட்டுவதற்குள் மலையேற வேண்டிய நான், பட்டறை வாசலில் நின்று வாதாடுகிற நிலையில் இல்லை. என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தாலும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள்.

தெர்மோஸ்டாட் என்பது அப்படியொன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. சின்னப் பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. இன்ஜின் சூடானால் மெழுகு உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும். ஆறினால் ஸ்பிரிங் அதைத் திரும்ப மூடிவிடும். என் வண்டிக்கு உரியதில் 82 என்று பொறித்திருக்கும். திறக்கத் தொடங்கும் சூடு அது. இதை எடுத்துவிட்டால் சாவி போட்ட நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சமவெளி வெயிலில் அதன் கெடுதல் சட்டென்று தெரியாது. ஊட்டியில் காலை ஆறு மணிக்கு இன்ஜின் எங்கே சூடாவது?

அதன் பிறகு பல மாதங்கள் டெம்பரேச்சர் மீட்டரின் முள் 'சி'யை விட்டு நகரவில்லை. ஹீட்டரில் சில்லென்ற காற்று. கண்ணாடியில் படிகிற புகைபோன்ற ஈரத்தைத் துணியால் துடைத்துத் துடைத்தே ஓட்டினேன். மைலேஜ் குறைந்ததை மட்டும் யாரும் நம்பவில்லை. மலைப்பாதை என்றால் அப்படித்தான் குடிக்கும் என்றார்கள். கடைசியில் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கி மாட்டினேன். கூடலூர் சாலையில் நல்ல ஓட்டத்திலும் அறுபது சொச்சம் டிகிரிதான் காட்டியது. கூடவே பி0128 என்று ஒரு பிழைக் குறியீடு. தெர்மோஸ்டாட் காக்கவேண்டிய சூட்டுக்கு இன்ஜின் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைக்கும் ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டியே விடும். எரியாத பெட்ரோலும் ஆவித் தண்ணீரும் போய் ஆயிலில் சேரும். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்பக்கம் வெளுப்பும் பழுப்புமாய்க் குழகுழவென்று ஒரு படிவு.

ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் நல்லபடி இருந்தால் அந்த ஹோஸ் வெகுநேரம் சில்லென்று இருந்து, பிறகு திடீரென்று சுடும். முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் உள்ளே வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது என் வண்டியைப் போல வால்வே இல்லை.

புது தெர்மோஸ்டாட் மாட்டும் வேலையை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தேன். இதற்குத் தேவையானது பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு பக்கெட், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், புது தெர்மோஸ்டாட், புது கேஸ்கட், அவ்வளவுதான். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியில் கை வையுங்கள். உயரமான ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூடியின் அழுத்தம் போனால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்து முகத்தில் அடிக்கும். கீழே பிளக்கைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள், மேல் ஹோஸைக் கழற்றுங்கள், கூட்டின் இரண்டு போல்ட்டையும் எடுங்கள். எழுத ஒரு வரிதான்.

அந்த இரண்டாவது போல்ட் எனக்கு வைத்த செலவில் தெர்மோஸ்டாட்டே ஒரு கூடை வாங்கியிருக்கலாம்.

முதல் போல்ட் வந்துவிட்டது. இரண்டாவது கொஞ்சம் சுற்றியது, மெத்தென்று வளைவதுபோல ஒரு உணர்வு, டக். தலை கையோடு வந்தது, உடல் உள்ளே தங்கிவிட்டது. கூட்டை எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் ஓட்டை முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. அது அலுமினியம் அரித்த பொடி. இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேருகிற இடத்தில் வெறும் தண்ணீர் கசிந்தால் அரிப்பு ஏறும். அதைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் கலந்திருக்கிறது, குழாய்த் தண்ணீரில் இல்லை. பழைய கேஸ்கட் வழியாகக் கசிந்த தண்ணீர் மாதக்கணக்கில் மரையில் நின்றிருக்கிறது. "போல்ட்டை உடைச்சது நீங்கதானே, மாமா?" என்று என் மைத்துனன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சிரிக்கிறான். அது உடைந்தது என் வாசலில். அதை உடைத்தது மேட்டுப்பாளையத்துத் தண்ணீர்.

வண்டியை நகர்த்த வழியில்லை. லேத் பட்டறைக்காரரை வீட்டுக்கே அழைத்தேன். உடைந்த முகத்தை ராவி, நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன டிரில்லில் தொடங்கிப் பொறுமையாகத் துளைத்தார். பிறகு 6 மில்லிமீட்டர் டேப் விட்டு மரையைச் சுத்தமாக்கினார். துளை கொஞ்சம் சாய்ந்தாலும் அலுமினியம் போயிருக்கும். நல்ல கைக்காரர், கேட்டதைக் கொடுத்தேன். உங்கள் வண்டியிலும் யாராவது வெறும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அதனால் ஸ்பேனர் வைப்பதற்கு முந்தின இரவே போல்ட்டில் துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். மெத்தென்று உணர்ந்தால் கையை எடுத்துவிடுங்கள். நானும் எண்ணெய் அடித்தேன். அந்த அரிப்புக்கு முன்னால் அது எடுபடவில்லை.

புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் நூலில் கட்டிப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கினேன். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். 82ஐத் தாண்டியதும் வால்வு அசைந்தது. ஆனால் தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பாதிக்குமேல் திறக்கவில்லை. "டுப்ளிகேட் கொடுத்துட்டாங்க, மாமா" என்று மைத்துனன் தீர்ப்பு எழுதிவிட்டான். அவன் கோயம்புத்தூர்க்காரன், தண்ணீர் 100 டிகிரிக்குப் போகும் என்று நினைக்கிறான். 2,240 மீட்டர் உயரத்தில் போகாது. வால்வு முழுக்கத் திறக்க 95 வேண்டும். திறந்த பாத்திரத்தில் அது இங்கே கிடைக்கவே கிடைக்காது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் அதையே மாட்டினேன். என் கணக்கு சரி.

ஸ்பிரிங் இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். ஓரத்தில் ஆடுகிற சின்ன ஊசி மேல்பக்கம் வரவேண்டும், காற்று வெளியேறுகிற வழி அது. பழைய பேஸ்ட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி அலுமினியத்தைக் கீறாதீர்கள். புது கேஸ்கட், புது போல்ட். இறுக்கும்போது மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் வேண்டாம்.

இனி ஏர் லாக். உங்கள் வாசலும் சரிவாகத்தான் இருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டால் காற்று ரேடியேட்டர் மூடி இருக்கும் பக்கம் ஏறிவரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்ததை மெல்ல ஊற்றுங்கள். குமிழ் அடங்கியதும் மூடியைப் போட்டு, ஃபேன் சுற்றும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். மறுநாள் காலை மட்டம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். சிந்திய கூலன்ட்டை உடனே கழுவித் துடையுங்கள். இனிக்கும் என்று நாய் நக்கும், அது விஷம்.

இப்போது முள் நடுவில் நிற்கிறது. ஸ்கேனரில் 85, 90. கண்ணாடி தெளிவாக இருக்கிறது. பெட்ரோல் கலந்த பழைய ஆயிலை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதையும் ஃபில்டரையும் மாற்றினேன். அந்தச் செலவையும் மேட்டுப்பாளையத்துக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.