வலையமைப்பு மேலாண்மை: கருவிகளும் நெறிமுறைகளும்

1986-ஆம் ஆண்டில் மத்திய மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ‘எர்நெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், ஐந்து ஐ.ஐ.டி.கள், பம்பாய் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய எட்டும் இதில் பங்கேற்றன. இவ்வாறு தொலைதூர நகரங்களின் கணிப்பொறிகள் இணைக்கப்படும்போது ஒரு வினா எழுகிறது. பெங்களூரில் ஓர் இணைப்பு பழுதுற்றால், டில்லியில் இருப்பவர் அதனை எவ்வாறு அறிவார்?

பொது மொழி

ஒரு வலையமைப்பில் பல நிறுவனங்கள் தயாரித்த கருவிகள் இடம்பெறும். அவை அனைத்திற்கும் பொதுவான மொழியாக 1988-இல் வகுக்கப்பட்டதே எஸ்.என்.எம்.பி. நெறிமுறை. இதன்படி ஒவ்வொரு கருவியிலும் ‘முகவர்’ எனப்படும் சிறு நிரல் இயங்குகிறது. மையத்திலுள்ள ‘மேலாளர்’ நிரல் குறித்த காலத்திற்கொரு முறை அதனை வினவி விவரங்களைப் பெறுகிறது. பழுது நேரிடின், வினாவிற்குக் காத்திராமல் முகவரே அறிவிப்பு அனுப்புவதும் உண்டு.

எண்ணியின் எல்லை

கருவியைக் கடந்து செல்லும் பைட்டுகளை ஓர் எண்ணி கணக்கிடுகிறது. தொடக்கத்தில் இது 32 பிட் அளவினதாக இருந்தது. சுமார் 429 கோடியை எட்டியதும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் முழு அளவில் இயங்கும் இணைப்பில் இதற்கு 57 நிமிடங்கள் ஆகும். 1 கிகாபிட் வேகத்திலோ 34 நொடிகளே போதும். ஐந்து நிமிடத்திற்கொரு முறை வினவும் மேலாளர், இடையில் எண்ணி எத்தனை முறை சுழன்றது என்பதை அறிய இயலாது, கணக்குப் பிழையாகிவிடும். இதனாலேயே 64 பிட் எண்ணிகள் புகுத்தப்பட்டன.

அமைப்பை மாற்றுதல்

கண்காணிப்பிற்கு ஏற்ற எஸ்.என்.எம்.பி., கருவிகளின் அமைப்பை மாற்றுவதற்கு அத்துணை ஏற்றதன்று. இக்குறையை நீக்க 2006-இல் ‘நெட்கான்ஃப்’ நெறிமுறையும், கருவியின் அமைப்பை விவரிக்க 2010-இல் ‘யாங்’ மொழியும் வெளியிடப்பட்டன. நெட்கான்ஃப் முறையில், கருவி இவ்வசதியைப் பெற்றிருப்பின், மாற்றத்தைத் தற்காலிகமாகவும் நடைமுறைப்படுத்தலாம். வேறு கால அளவு குறிக்கப்படாவிடில், பத்து நிமிடங்களுக்குள் உறுதி செய்யப்படாத மாற்றம் தானே நீங்கி, பழைய அமைப்பு திரும்பும். பெங்களூரிலிருந்து தொலைவிலுள்ள ஒரு தாலுகா அலுவலகத்தின் திசைவிக்குத் தவறான கட்டளை சென்று இணைப்பு அறுந்தாலும், அதனைச் சீராக்க ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

கவனத்திற்குரியவை

ஒரே கட்டளையால் ஆயிரம் கருவிகளைத் திருத்தும் ஆற்றல், ஒரே பிழையால் ஆயிரம் கருவிகளை முடக்கவும் வல்லது. 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, ‘ஃபேஸ்புக்’ நிறுவனத்தின் முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்தது. அதனைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. சேவைகள் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பாதுகாப்பும் இன்றியமையாதது. எஸ்.என்.எம்.பி.யின் முதற்பதிப்பில் கடவுச்சொல் மறையாக்கமின்றியே செல்கிறது. அக்குறையை மூன்றாம் பதிப்பு நீக்கியது.

கருவிகளை வாங்கும் அலுவலகங்கள் விலையையும் வேகத்தையும் மட்டும் நோக்குதல் போதாது. பொது நெறிமுறைகளை ஏற்கும் திறனையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்குதல் வேண்டும். இல்லையேல் வலையமைப்பு அரசினுடையதாயினும், அதன் கடிவாளம் விற்பனையாளரிடமே தங்கிவிடும்.