பூங்குருவிக் குடும்பம்

கண்டியில் பொழுது புலருமுன் கூரை முகட்டில் அமர்ந்து இசை பொழியும் குண்டுக்கரிச்சானை அறியாதார் இலர். சிங்கள மக்கள் அதனைப் பொல்கிச்சா என்பர். உடவத்தைக் காட்டு நிழலிற் பாடும் சோலைபாடி அதன் நெருங்கிய உறவு. குண்டுக்கரிச்சானை 1758இல் லின்னேயசு மலைமைனாவின் பேரினத்திற் சேர்த்தார். பின்வந்த நூல்கள் இவ்விரு பறவைகளையும் பூங்குருவிக் குடும்பத்தில் வைத்தன. நம்மிற் பலர் கற்றதும் அதுவே.

பாட்டின் இனிமை கண்டு அவ்வாறு வகுத்தனர் என எண்ணற்க. இளம்பறவையின் இறகிலுள்ள புள்ளிகளே முதன்மையான சான்றாயின. ஆயின் ஈப்பிடிப்பான்களின் குஞ்சுகளும் புள்ளியுடையனவே! அவ்வடையாளம் ஒன்றே போதுமோ? 1980களில் சிப்லி, ஆல்குவிசுட்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பறவைகளின் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளை ஒப்பிட்டு, கரிச்சான்கள் ஈப்பிடிப்பான்களுக்கே நெருங்கியவை எனக் காட்டினர். பின்னைய ஆய்வுகளும் அதனை உறுதிசெய்தன. நக்கிள்சு மலையின் காட்டோடைகளில் ஒதுங்கி வாழ்வதும், 1872இல் ஹோல்ட்சுவர்த்து பெயரிட்டதும், இன்று அருகி வருவதுமான சீழ்க்கைப் பூங்குருவியும் இவ்வாறே இடம் மாறிற்று. அதன் பெயரில் மட்டுமே பூங்குருவி எஞ்சியுள்ளது.

மெய்யான பூங்குருவியைக் காண விழைவோர் ஈரக்காட்டின் தரையை நோக்குக. உதிர்ந்த சருகைப் புரட்டி இரை தேடும் புள்ளிச்சிறகுப் பூங்குருவி, இலங்கையன்றி வேறெங்கும் இல்லாதது, அக்குடும்பத்திலேயே நிலைபெற்றுள்ளது.