சப்டைட்டில் மறைவது ஏன், ஒட்டிக்கொள்வது ஏன்?

கேள்வி: என்னிடம் டிவிடி, ப்ளூ-ரே டிஸ்க்குகள் நிறைய இருக்கின்றன. டிவியோடு இணைத்த கணினியில் பார்ப்பதற்காக, ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அவற்றை எம்பி4 கோப்புகளாக மாற்றி வருகிறேன். டிவிடியிலிருந்து மாற்றிய படங்களில் சப்டைட்டில் வருவதே இல்லை. ப்ளூ-ரே படங்களில் வருகிறது, ஆனால் அணைக்க முடியவில்லை. எம்கேவியாக மாற்றிய ஒரு படம் கணினியில் நன்றாக ஓடுகிறது. அதையே ஜெல்லிஃபின் வழியாகப் படுக்கையறை டிவியில் சப்டைட்டிலோடு போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. என்ன செய்வது?

– வாசகர், திருச்சி

பதில்: மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். டிஸ்க்கில் உள்ள சப்டைட்டில் எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. டிவிடியில் அதை வாப்சப் என்பார்கள். ஒவ்வொரு வசனமும் நான்கு நிறங்களுக்குள் வரைந்த சிறு படம். ப்ளூ-ரேயில் அதன் பெயர் பிஜிஎஸ். அதுவும் படம்தான், ஆனால் 256 நிறங்கள் வரை கொள்ளும்.

எம்பி4 கோப்பு எழுத்து வடிவ சப்டைட்டிலை ஏற்கும், படங்களோடு ஒத்துப்போகாது. வாப்சப்பை ஹேண்ட்பிரேக் எம்பி4-க்குள் வைத்துவிடும். பெரும்பாலான பிளேயர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் உங்கள் டிவிடி படங்களில் எதுவும் தெரியவில்லை. பிஜிஎஸ்ஸை எம்பி4-க்குள் வைக்க வழியே இல்லாததால், காட்சியின் மேலேயே பதித்துவிடுகிறது. பதித்தது காட்சியின் பகுதியாகிவிடும், பிறகு அணைக்க முடியாது.

மூன்றாவது சிக்கல் டிவி செயலியுடையது. படமாக வரும் சப்டைட்டிலை அதனால் காட்ட முடியாதபோது, ஜெல்லிஃபின் சர்வர் ஒவ்வொரு பிரேமிலும் அதைப் பதித்து, வீடியோவை அந்த நேரத்திலேயே மறுபடி என்கோட் செய்து அனுப்புகிறது. சாதாரணக் கணினி அந்தச் சுமையில் திணறும். சப்டைட்டிலை அணைத்தால் படம் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் காரணம் இதுதான்.

இனி மாற்றும்போது எம்கேவியையே தேர்ந்தெடுங்கள். வாப்சப், பிஜிஎஸ், எழுத்து வடிவம் எல்லாவற்றையும் அது அப்படியே வைத்துக்கொள்ளும். முதலில் மேக்எம்கேவி மென்பொருளில் டிஸ்க்கை எம்கேவியாக எடுங்கள். அது வீடியோவைச் சுருக்காது, தடங்களை அப்படியே மாற்றித் தரும். அளவைக் குறைக்க வேண்டுமானால் பிறகு ஹேண்ட்பிரேக்கில் கொடுங்கள். அங்கே வேண்டிய சப்டைட்டில் தடங்களைச் சேர்த்து, ‘பர்ன் இன்’ கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடியின் விஓபி கோப்புகளை மட்டும் நகலெடுத்து வைப்பதும் சரியல்ல. சப்டைட்டிலின் நிறப் பட்டியல் ஐஎஃப்ஓ கோப்பில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எழுத்து கண்ட நிறத்தில் வரும்.

டிவியோடு இணைத்த கணினியில் கோடி செயலி இருந்தால் இதுவே போதும், பட சப்டைட்டிலை அது தானே காட்டிவிடும். படுக்கையறை டிவிக்கு மட்டும் எழுத்து வடிவம் ஒன்று வேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எம்கேவியைத் திறந்து ஓசிஆர் செய்தால், அதாவது படத்திலிருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கச் செய்தால், எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவக் கோப்பு கிடைக்கும். ஆங்கிலத்தில் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் அடிக்கடி இடம் மாறும், சாய்வெழுத்திலும் பிழை வரும். ஒருமுறை படித்துத் திருத்திவிட்டு, படத்தின் பெயரையே அதற்கும் வைத்து, அதே ஃபோல்டரில் போடுங்கள். வேற்றுமொழி வசனங்களுக்கு மட்டும் தோன்றும் ‘ஃபோர்ஸ்டு’ சப்டைட்டில் இருந்தால் அதைத் தனிக் கோப்பாக வையுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் எஸ்ஆர்டி எளிது என்று தோன்றும். ஆனால் பால் முறை டிவிடியில் படம் நொடிக்கு 25 பிரேம் ஓடும், ப்ளூ-ரேயில் பெரும்பாலும் 23.976. ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் போட்டால், இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் விலகும். சப்டைட்டில் எடிட்டில் பிரேம் வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாம். உங்கள் டிஸ்க்கிலிருந்தே எடுத்ததில் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ் எஸ்ஆர்டி வைத்திருந்தால் யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பழைய டிஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்ததென்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறித் தெரிந்தால், எழுத்துகளைச் சேர்த்துக் காட்ட அந்தப் பிளேயருக்குத் தெரியவில்லை. கோப்பைத் திருத்திப் பயனில்லை, பிளேயரைத்தான் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே மாற்றிய டிவிடி படங்களை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். விஎல்சியில் போட்டுப் பாருங்கள். அங்கே சப்டைட்டில் தெரிந்தால் அது கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. எம்கேவிடூல்நிக்ஸில் கொடுத்து எம்கேவியாக்கினால் போதும், சில நிமிட வேலை. விஎல்சியிலும் வரவில்லை என்றால், மாற்றும்போது அந்தத் தடத்தைச் சேர்க்க விட்டிருப்பீர்கள். அவற்றையும், சப்டைட்டில் பதிந்துபோன ப்ளூ-ரே படங்களையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை.